ரயில் நிலைய வடிவமைப்பில் கட்டடக்கலைஞருக்கு உண்மையில் என்ன வேலை இருக்கிறது?

இளவேனில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கட்டடக்கலையில் பட்டம் பெற்று, நான்கு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு சிறிய அலுவலகத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரைபடம் தயாரித்து வருகிறேன். மெட்ரோ நிலையங்களை வடிவமைக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து இப்போது எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் சற்றுக் கூடுதல்தான் என்றாலும், என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

உடன் படித்தவர்கள் இருவர் அத்துறையில் இருக்கிறார்கள். தண்டவாளம் எங்கே போக வேண்டும், தூண் எங்கே நிற்க வேண்டும், நிலையம் எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் பொறியாளர்களே முடிவு செய்துவிடுகிறார்கள் என்றும், கடைசியில் தரைக்கு என்ன கல், சுவருக்கு என்ன வண்ணம் என்பதை மட்டுமே நம்மிடம் கேட்கிறார்கள் என்றும் இருவருமே சொல்கிறார்கள். ஒரு நிலையம் கட்டி முடிய எட்டு, பத்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீடு கட்டினால் இரண்டே ஆண்டுகளில் அதன் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்பது என் இப்போதைய முதலாளியின் வாதம்.

ஆனாலும் தினமும் ஆயிரக்கணக்கானோர் நடந்து போகும் ஓர் இடத்தை உருவாக்குவதில் உள்ள ஈர்ப்பை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. என் கேள்வி இதுதான்: பொதுப் போக்குவரத்துக் கட்டடங்களையே தன் வாழ்நாள் பணியாகச் செய்த ஒரு கட்டடக்கலைஞருக்கு அதில் உண்மையான இடம் இருந்திருக்கிறதா? இருந்தால், நான் யாருடைய பணியைப் படிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாக வாசிப்பேன்.

கல்தச்சன்

அன்புள்ள இளவேனில், நான் பதினேழு ஆண்டுகளாக நிலைய வடிவமைப்பில் இருப்பவன். உங்கள் நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. தாமதமாக உள்ளே வரும் கட்டடக்கலைஞருக்குக் கல்லும் வண்ணமும்தான் மிஞ்சும். ஆனால் இந்தத் தொழிலின் எல்லை அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவரை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், லண்டன் நிலத்தடி ரயிலான அண்டர்கிரவுண்டுக்கு நிலையங்கள் வடிவமைத்த சார்லஸ் ஹோல்டனைப் படியுங்கள் என்பேன்.

ஹோல்டன் 1875-இல் இங்கிலாந்தின் போல்டன் நகரப் பகுதியில் பிறந்தவர். வசதியான குடும்பம் அல்ல. இளமையில் சிறிது காலம் ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்திருக்கிறார். பின்னர் லண்டனுக்கு வந்து, மருத்துவமனைகளை வடிவமைப்பதில் பெயர் பெற்ற பெர்சி ஆடம்ஸின் அலுவலகத்தில் 1899-இல் சேர்ந்து, 1907-இல் அதன் கூட்டாளியானார். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போர்வீரர்களின் கல்லறைத் தோட்டங்களை வடிவமைத்தார். நிலத்தடி ரயிலுக்காக அவர் செய்த முதல் வேலை, 1923-இல் வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்துக்கு ஒரு பக்க வாயில், அவ்வளவுதான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. எட்டு ஆண்டு, பத்து ஆண்டு என்று நீங்கள் கணக்குப் பார்ப்பதால் இதைச் சொல்கிறேன்.

அவருக்கு அந்த வாயிலைக் கொடுத்தவர் ஃபிராங்க் பிக். லண்டன் அண்டர்கிரவுண்டின் நிர்வாகியான அவர் சட்டம் படித்தவர், கட்டடக்கலைஞர் அல்லர். ஆயினும் எழுத்துரு, சுவரொட்டி, இருக்கை, விளக்கு என்று பயணியின் கண்ணில் படும் ஒவ்வொன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர். பிக் இல்லாமல் ஹோல்டன் இல்லை என்று நான் உறுதியாகவே சொல்வேன். நம் துறையில் நல்ல வடிவமைப்பாளர்களுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்களைக் கேட்டு, காத்திருந்து, காப்பாற்றும் நிர்வாகிகள்தான் அரிது.

வெஸ்ட்மின்ஸ்டர் வாயிலுக்கு அடுத்து வந்தது தெற்கு லண்டனில் கிளாப்பம் சவுத்திலிருந்து மார்டன் வரை ஏழு நிலையங்கள். 1926-இல் திறக்கப்பட்ட அவற்றின் முகப்பு, போர்ட்லாந்து எனப்படும் வெளிர் சுண்ணாம்புக் கல்லில் ஒரு மடக்குத்திரை போல் அமைந்தது. நேரான தெருவில் அதைத் தட்டையாக விரிக்கலாம்; முச்சந்தியில் மடக்கி நிறுத்தலாம். ஏழு மனைகளும் ஏழு வடிவம். ஆனால் ஏழிலும் ஒரே குடும்பச் சாயல். தொடர் நிலையங்களை வடிவமைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய பாடம் என்பது, ஒரு வழித்தடத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் புதுப்புது முகம் தேடித் தோற்றுப்போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

1930-இல் பிக்கும் ஹோல்டனும் ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடன், ஹாலந்து நாடுகளுக்குச் சென்று புதிய கட்டடங்களைப் பார்த்துவந்தார்கள். திரும்பி வந்ததும் ஹோல்டன் கட்டிய சட்பரி டவுன் நிலையம் 1931-இல் திறக்கப்பட்டது. செங்கல்லில் ஓர் உயரமான பெட்டி, அதன்மேல் கான்கிரீட்டில் ஒரு மூடி, சுவரின் பெரும்பகுதிக்கு நெடிய கண்ணாடிச் சாளரங்கள். அலங்காரம் என்று பிரித்துக் காட்ட எதுவுமில்லை. பகலில் பயணச்சீட்டுக் கூடத்துக்குள் வெளிச்சம் நிறையும். இரவில் அந்தக் கூடமே தெருவுக்கு விளக்காகும். மறு ஆண்டு செப்டம்பரில் ஆர்னோஸ் குரோவ் திறக்கப்பட்டது. தாழ்வான ஒரு தளத்தின் மேல் வட்ட வடிவ உருளை. அதன் நட்டநடுவில் பதினாறு பட்டைகள் கொண்ட ஒற்றைக் கான்கிரீட் தூண் கூரையைத் தாங்குகிறது. அந்தத் தூணின் அடியைச் சுற்றியே பயணச்சீட்டு கொடுக்கும் சாவடியை அமைத்தார்கள். உள்ளே வரும் கூட்டமும் வெளியே போகும் கூட்டமும் அச்சாவடியின் இருபுறமாகத் தாமாகவே பிரிந்துவிடும். "இப்படிப் போ, அப்படிப் போ" என்று சொல்லப் பலகையே தேவைப்படவில்லை. தூண் எங்கே நிற்க வேண்டும் என்பது பொறியாளரின் முடிவு என்கிறார்கள் அல்லவா? இங்கே தூண், கூரை, சாவடி, மக்கள் நடக்கும் பாதை ஆகிய நான்கும் ஒரே முடிவாக எடுக்கப்பட்டவை. அந்த முடிவை எடுப்பதுதான் நம் வேலை.

எங்கள் அலுவலகத்திலும் வேலை இன்று உள்ளிருந்து வெளியே நோக்கித்தான் நகர்கிறது. முதலில் நடைமேடையில் உச்ச நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்ற எண் வரும். அதிலிருந்து படிக்கட்டுகளின் அகலமும் எஸ்கலேட்டர்களின் எண்ணிக்கையும், அவற்றிலிருந்து பயணச்சீட்டு வாயில்களும், அவற்றிலிருந்து கூடத்தின் பரப்பும் கிடைக்கும். இந்திய மெட்ரோக்களும் பின்பற்றும், அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 130 விதியின்படி, தீ விபத்து நேர்ந்தால் நடைமேடை நான்கு நிமிடத்தில் காலியாக வேண்டும். ஆறு நிமிடத்தில் எல்லோரும் பாதுகாப்பான இடத்தை அடைந்திருக்க வேண்டும். என் முதல் நிலையத்தில் ஒரு படிக்கட்டின் அகலத்தைச் சிறிது குறைத்து ஒரு கடைக்கு இடம் கொடுத்திருந்தேன். மூத்தவர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, "கடைசி ஆள் எப்போது மேலே வருவான், கணக்குப் போடு" என்றார். போட்டேன். கடையை அன்று மாலையே அழித்தேன்.

டூட்டிங்வாசி

வணக்கம். நான் கட்டடக்கலை படித்தவன் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்து மூன்று வருடங்களாக லண்டன் டூட்டிங்கில் இருக்கிறேன். மேலே கல்தச்சன் ஐயா சொன்ன அந்த ஏழு நிலையங்களில் ஒன்றான டூட்டிங் பிராட்வேயால்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். அவர் எழுதியதை வாசித்த பிறகு, இன்று காலை முதன்முறையாகத் தெருவின் மறுபக்கத்தில் நின்று அதை அண்ணாந்து பார்த்தேன்.

நிலையத்தின் முன்னால் ஏழாம் எட்வர்ட் மன்னரின் சிலை நிற்கிறது. சுற்றிலும் கடைகள், சந்தை, பேருந்து நிறுத்தங்கள் என்று எந்நேரமும் நெருக்கடி. அந்த நெருக்கடிக்கு நடுவே இந்த வெளிர் கல் முகப்பு மட்டும் அமைதியாக நிற்கிறது. நடுவில் பெரிய கண்ணாடிச் சாளரம். அதிலே அண்டர்கிரவுண்டின் சின்னமாக எல்லோருக்கும் தெரிந்த அந்த வட்டமும் குறுக்குப் பட்டையும் வண்ணக் கண்ணாடியில் இருக்கின்றன. சாளரத்தைப் பிரிக்கும் கல்தூண்களின் உச்சியை இவ்வளவு காலமும் நான் கவனித்ததே இல்லை. வழமையான இலை, பூ வேலைப்பாடு அங்கே இல்லை. அதே வட்டத்தையும் பட்டையையும் கல்லில் உருண்டையாகத் திரட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு சின்ன விடயத்துக்கு 1926-இல் ஒருவர் நேரம் செலவழித்திருக்கிறார் என்று நினைத்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மா எங்களோடு ஆறு வருடம் இருந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. முத்துமாரி அம்மன் கோயிலுக்குத் தனியே போய் வருவார். பனிக்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் நான் பயந்துகொண்டிருப்பேன். அவரோ, "அந்த வெளிச்சக் கண்ணாடியைக் கண்டால் வீட்டுத் திருப்பம் வந்திட்டுது எண்டு எனக்குத் தெரியும் தம்பி" என்பார். ஒருநாள் பேருந்து மாறி ஏறி, வேறொரு நிலையத்தருகே இறங்கிவிட்டார். அங்கேயும் அதே கல், அதே சாளரம், அதே வட்டம். அது எங்கள் நிலையம் இல்லை என்று புரிந்தாலும், இதே கோட்டில்தான் இருக்கிறது என்று ஊகித்து, உள்ளே போய் ஊழியரிடம் "டூட்டிங்" என்று ஒரு சொல்லை மட்டும் சொல்லி வீடு வந்து சேர்ந்தார். ஒரே குடும்பச் சாயல் என்று ஐயா எழுதினாரே, அதனால் ஒரு கிழவிக்கு என்ன பயன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

பாலமுருகன் – கட்டுமானப் பொறியாளர்

நண்பர்களுக்கு வணக்கம். பொறியாளர்கள்மீது சுமத்தப்பட்ட பழிக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. தூணையும் தண்டவாளத்தையும் நாங்கள் முடிவு செய்கிறோம் என்பது உண்மை. நிலத்தடி நிலையமென்றால் மண்ணும் நிலத்தடி நீரும் எங்களுக்கே முடிவு சொல்லிவிடும். ஆர்னோஸ் குரோவ் தரைக்கு மேல் உள்ள நிலையம். அங்கே கிடைத்த சுதந்திரம் முப்பது மீட்டர் ஆழத்தில் கிடைக்காது. ஆனால் ஆழத்திலும் கட்டடக்கலைஞருக்கு இடம் உண்டு என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். ஹோல்டனைப் படித்து முடித்ததும் இளவேனில் படிக்க வேண்டியவர் ரோலண்ட் பாவோலெட்டி.

லண்டனில் பிறந்த இவர், ஹாங்காங்கில் மெட்ரோ ரயிலை நடத்தும் எம்.டி.ஆர். நிறுவனத்தின் தலைமைக் கட்டடக்கலைஞராகப் பல நிலையங்களை உருவாக்கிய பின், 1990-இல் லண்டன் அண்டர்கிரவுண்டின் ஜூபிலி வழித்தட நீட்டிப்பில் கட்டடக்கலைக்குப் பொறுப்பேற்றார். 1999-இல் திறக்கப்பட்ட அந்நீட்டிப்பில் பதினொரு நிலையங்கள். அவற்றை ஒரே அச்சில் வார்க்காமல் வெவ்வேறு கட்டடக்கலைஞர்களிடம் பிரித்துக் கொடுத்தார். இங்கே ஹோல்டனின் வழியிலிருந்து அவர் விலகினார் என்றே சொல்ல வேண்டும். டூட்டிங்வாசியின் தாயார் இந்த வழித்தடத்தில் இறங்கியிருந்தால் சற்றுத் திகைத்திருப்பார். ஆனால் பொறியாளர்களும் கட்டடக்கலைஞர்களும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதன் பலனை வெஸ்ட்மின்ஸ்டரில் பார்க்கலாம்.

அந்நிலையத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 39 மீட்டர். அருகிலேயே பிக் பென் மணிக்கூண்டுக் கோபுரம். மேலே பழைய டிஸ்ட்ரிக்ட் வழித்தடத்தில் ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோபுரம் சாயாமலிருக்க, அதன் அடியிலுள்ள மண்ணுக்குள் குழாய்கள் வழியாகச் சிமெண்ட் குழம்பைச் செலுத்திச் சிறிது சிறிதாகச் சரிசெய்துகொண்டே வேலை நடந்தது. பள்ளத்தின் இரு சுவர்களும் உள்நோக்கிச் சரிந்துவிடாமல் தடுக்க, குறுக்கே பருத்த முட்டுகளைக் கொடுத்தோம் என்று வையுங்கள். பெரும்பாலான நிலையங்களில் அவற்றைப் பொய்க்கூரை போட்டு மறைப்பார்கள். இந்நிலையத்தை வடிவமைத்த ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் கட்டடக்கலைஞர்கள் அவற்றை மறைக்கவே இல்லை. எஸ்கலேட்டர்கள் அந்தக் குறுக்கு முட்டுகளுக்கு இடையே புகுந்து இறங்குகின்றன. மண்ணைத் தாங்கும் விசையே அங்கே காட்சியாகிறது. எந்தப் பொறியாளனுக்கும் இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்துவிட முடியாது. அதே நீட்டிப்பில் உள்ள கனடா வாட்டர் நிலையத்தின் கண்ணாடி உருளை, ஹோல்டனின் ஆர்னோஸ் குரோவை நினைவூட்டும்படி அமைந்தது என்பது கூடுதல் செய்தி.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வாஷிங்டன் மெட்ரோவை ஹாரி வீஸ் வடிவமைத்தார். 1966-இல் பணியேற்று, 1976 மார்ச்சில் முதல் ஐந்து நிலையங்கள் திறக்கப்பட்டன. கட்டம் கட்டமான கான்கிரீட் வளைவுக் கூரைகள், சுவரைப் பயணியின் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்த அமைப்பு, ரயில் வரும்போது நடைமேடை விளிம்பில் மினுக்கும் விளக்குகள் என்று எல்லாம் போற்றத்தக்கவை. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவருக்கான லிஃப்ட் முதலில் திட்டத்தில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் வழக்குத் தொடுத்து, 1973-இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அது சேர்க்கப்பட்டது. லிஃப்ட் தயாராகாததால் கேலரி பிளேஸ் நிலையம் மற்றவற்றோடு திறக்கப்படாமல் அவ்வாண்டு டிசம்பர்வரை காத்திருந்தது. பின்னால் செருகிய லிஃப்ட் எப்போதும் ஓரத்திலேதான் கிடைக்கும். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்திலும் இதே கதை. தெருவிலிருந்து லிஃப்ட் வாயிலுக்குப் போக, முட்டி வலியுள்ள ஒருவர் கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த வரைபடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் வருத்தமாகவே இருக்கிறது.

இளவேனில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவைப் பற்றி எழுதியதை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் பலகையை நம்பாமல் கடையையும் மரத்தையும் அடையாளம் வைத்துப் போகிறவர்தான்.

கல்தச்சன் ஐயாவிடம் இன்னும் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். இத்தனை பேர் சேர்ந்து செய்யும் வேலையில் "இது நான் செய்தது" என்று சொல்ல முடியாமல் போவது உங்களுக்கு வருத்தம் தரவில்லையா? மேலும், வரும் வியாழக்கிழமை நேர்காணலில் நான் எதைக் கேட்க வேண்டும்?

கல்தச்சன்

முதல் ஐந்தாறு ஆண்டுகள் வருத்தமாகத்தான் இருந்தது, அம்மா. திறப்பு விழா அன்று மேடையில் பொறியாளர்கள், அதிகாரிகள் பெயர்களை வாசிப்பார்கள். நாங்கள் பின்வரிசையில் நிற்போம். ஹோல்டனுக்கு 1936-இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் அரசு இருமுறை அளிக்க முன்வந்த 'சர்' பட்டத்தை, கட்டடம் என்பது பலர் கூடிச் செய்யும் காரியம் என்ற காரணத்தால் அவர் மறுத்துவிட்டார். அவருடைய நிலையங்களிலேயே அண்டர்கிரவுண்டின் சொந்தக் கட்டடக்கலைஞரான ஸ்டான்லி ஹீப்ஸும், அவரது அலுவலகத்து இளையவர்களும் செய்த பங்கு நிறைய. அந்த மறுப்பின் காரணத்தை அறிந்த நாளிலிருந்து பின்வரிசை எனக்குக் கூச்சமாக இல்லை. பாலமுருகன் தன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னார் அல்லவா? பெயர் வெளியே தெரியாவிட்டாலும் பிழை நம்முடையதாகவே இருக்கும்.

நேர்காணலில் இதைக் கேளுங்கள்: "வழித்தடத்தின் எந்தக் கட்டத்தில் கட்டடக்கலைக் குழு உள்ளே வருகிறது?" நிலையப் பெட்டியின் (நிலத்தடி நிலையம் அமையும் கான்கிரீட் கூட்டின்) அளவும் வாயில்களின் இடமும் உறுதியான பிறகு என்று பதில் வந்தால், உங்கள் நண்பர்கள் சொன்ன வேலைதான் அது. மனை தேர்வு செய்யும்போதே என்றால் தயங்காமல் சேருங்கள். லிஃப்ட் வாயிலின் இடத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்றும் கேளுங்கள்; அந்தப் பதிலிலேயே அலுவலகத்தின் குணம் தெரிந்துவிடும்.

அதற்கு முன், புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஏதேனும் ஒரு நிலையத்துக்குக் குறிப்பேட்டோடு போய், பயணச்சீட்டு வாயிலுக்கு உள்ளே ஒதுங்கி ஒரு மணி நேரம் நில்லுங்கள். எந்த இடத்தில் ஆட்கள் சட்டென்று நின்று தலையைத் திருப்புகிறார்கள் என்பதை மட்டும் புள்ளி வைத்துக் குறியுங்கள். அந்தத் தாளை நேர்காணலுக்கு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளிக்கிழமை இங்கே வந்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.